எம்பிபிஎஸ் முதலாண்டு பிராக்டிகல்: கை எங்கே தவறுகிறது, எப்படித் திருத்துவது

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி எதில் சேர்ந்தாலும் முதலாண்டின் பாரம் மூன்று பாடங்கள்தான்: அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. கம்யூனிட்டி மெடிசினும் ஏட்காம் (மருத்துவ அறம், நடத்தை, பேச்சுமுறை) வகுப்புகளும் ஓரமாக வந்து போகும். தியரிக்குப் புத்தகம் இருக்கிறது, சீனியர் நோட்ஸ் இருக்கிறது, வீடியோ இருக்கிறது. டிசெக்‌ஷன் மேசையிலும் லேபிலும் நிற்கும்போது துணைக்கு வருவது உங்கள் கை மட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததிலிருந்து, பிளஸ் டூ வரை தமிழிலேயே படித்தவர்கள் நிறையப் பேர் வெள்ளைக் கோட்டு மாட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் சொல்லும் டெமோ வேகமாக ஓடிவிட, "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்" என்பது பிடிபடாமல் போவது அவர்களுக்குத்தான் அதிகம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். லேபில் சொல்லப்படும் ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு நிமிடக் கணக்குக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்துவிட்டால் எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் வருகைப்பதிவு. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேண்டும். பிராக்டிகலுக்கு 5 சதவீதம் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. விட்டுப்போன லெக்சரை நண்பரின் நோட்டிலிருந்து எழுதிக்கொள்ளலாம். அக்குளைத் திறந்த நாளில் நீங்கள் இல்லையென்றால் அந்த மேசையில் அக்குள் முடிந்தது, அவ்வளவுதான். முதல் ப்ரொஃபஷனல் தேர்வில் (முதலாண்டுப் பல்கலைக்கழகத் தேர்வில்) தேற நான்கு முயற்சிகள் வரைதான், சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்குள் மொத்தப் படிப்பையும் முடிக்க வேண்டும் என்ற விதிகளும் நினைவில் இருக்கட்டும். லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். மூன்று மாதக் கையெழுத்தை மொத்தமாகக் கேட்டுப் போனால், அந்த பேட்ச்சை எடுத்த அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் மாற்றலாகிப் போயிருப்பார்.

டிசெக்‌ஷன் ஹால்

முதல் நாள் கடாவரிக் ஓத் (உடலை மதிப்போம் என்ற உறுதிமொழி) எடுப்பீர்கள். அதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம். மேசையில் இருப்பவர் இன்னொருவருக்கு அப்பாவோ பாட்டியோ ஆக இருந்தவர். அவர் உடலைப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே போன் வெளியே வரக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. வெட்டி எடுக்கும் கொழுப்பு, தோல், திசு எதுவானாலும் அந்த மேசைக்குரிய வாளியிலேயே போட வேண்டும். கடைசியில் எல்லாம் அந்த உடலோடு சேர வேண்டியவை.

காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல் வாரத்தில் தலைசுற்றி விழுபவர்களில் பலர் பயத்தால் விழுவதில்லை. வெறும் வயிறு, நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பது, ஃபார்மலின் நெடி மூன்றும் சேர்ந்து தள்ளிவிடும். கண் இருட்டினால் வெளியே நடக்கப் பார்க்காதீர்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்துங்கள். கடையில் வரும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கரைசல். எம்பாமிங்குக்கு (உடல் கெடாமல் பதப்படுத்த) அதை நீர்த்துச் சேர்த்தாலும் போர்வைக்கு அடியில் ஆவி தேங்கியிருக்கும். துணியை விலக்கியதும் முகத்தைக் கொண்டுபோகாமல் சில நிமிடம் தள்ளி நில்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண் எரிந்தால் கையுறையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறை விரலால் தேய்த்தால் இன்னும் எரியும்.

பாக்ஸில் இருக்க வேண்டியவை: 4-ஆம் எண் ஹேண்டிலும் 22-ஆம் எண் பிளேடும் தோலுக்கு, 3-ஆம் எண் ஹேண்டிலும் 15-ஆம் எண் பிளேடும் நுண்வேலைக்கு. பல் வைத்த ஃபோர்செப்ஸ் தோலைப் பிடிக்க, பல் இல்லாதது நரம்பைப் பிடிக்க. முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று. மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உழைக்கப்போவது அந்தக் கத்தரிக்கோல்தான். பிளேடை மாட்டவும் கழற்றவும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், விரலை வைக்காதீர்கள். டிசெக்‌ஷன் ஹாலில் விரல் வெட்டுப்படுவது பெரும்பாலும் உடலை அறுக்கும்போது அல்ல, பிளேடு மாற்றும்போதுதான்.

பெக்டோரல் பகுதியில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். சூப்ராஸ்டெர்னல் நாட்ச்சிலிருந்து ஸைஃபாய்டு வரை நடுக்கோட்டில் ஒரு வெட்டு. மேல் முனையிலிருந்து கிளாவிக்கிள் வழியே அக்ரோமியன் வரை இன்னொன்று. கீழ் முனையிலிருந்து பக்கவாட்டில் ஒன்று. நெஞ்சுத் தோலின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். புதியவர்கள் செய்யும் முதல் தவறு பிளேடை அழுத்துவது. மஞ்சள் கொழுப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள். தோலின் மூலையை ஃபோர்செப்ஸால் தூக்கி, பிளேடின் முகத்தைத் தோலின் பக்கம் திருப்பி வைத்து அறுங்கள். கொழுப்பின் பக்கம் திருப்பினால் அதில் ஓடும் க்யூட்டேனியஸ் நரம்புகளும், கிளாவிக்கிளுக்கு அருகே பிளாடிஸ்மாவும் தோலோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். டெல்டாய்டுக்கும் பெக்டோராலிஸ் மேஜருக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் செஃபாலிக் வெயின் இருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் அங்கே கத்தி வைக்க வேண்டும்.

தோல் போன பிறகு கத்திக்கு வேலை குறைவு. கத்தரிக்கோலின் முனையை மூடிய நிலையில் கொழுப்புக்குள் செருகி, உள்ளேயே விரித்து, விரித்தபடி வெளியே எடுங்கள். இதுதான் பிளன்ட் டிசெக்‌ஷன். விரிக்கும் திசை, அங்கே ஓட வேண்டிய நரம்பின் திசையிலேயே இருக்கட்டும். குறுக்கே விரித்தால் மெல்லிய நரம்பு அறுந்து கொழுப்போடு வாளிக்குப் போய்விடும். பெக்டோராலிஸ் மேஜரைத் திருப்பும்போது முதலில் அதன் அடியில் விரலை விட்டுப் பிரித்துவிட்டு, விரல் மேலேயே வெட்டுங்கள். திருப்பிய வேகத்தில் இழுக்க வேண்டாம். அடிப்பக்கமாக நுழையும் லேட்டரல் பெக்டோரல் நரம்பு சட்டென்று பிய்ந்துவரும். எக்ஸாமினர் கேட்பதும் அதைத்தான்.

அக்குளில் எது என்ன என்று தெரியாமல் திணறுவது எல்லா மேசையிலும் நடக்கும். விரலால் உருட்டிப் பாருங்கள். ஆர்ட்டரி கனமான சுவருள்ள குழாய், அமுக்கினால் திரும்ப வட்டமாகும். வெயின் தட்டையாகச் சரிந்து கிடக்கும், உள்ளே கறுத்த ரத்தக்கட்டி தெரியும். நரம்பு உள்கூடு இல்லாத வெள்ளைக் கயிறு. டெண்டனும் வெள்ளைதான், ஆனால் பளபளக்கும், ஒரு தசையில் போய் முடியும். பிரேக்கியல் பிளெக்ஸஸை மேலிருந்து தேடினால் குழப்பம்தான். கீழிருந்து தேடுங்கள்: கோரகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு போகும் நரம்பு ஒன்றே ஒன்று, அது மஸ்குலோக்யூட்டேனியஸ். அதைப் பிடித்து மேலே போனால் லேட்டரல் கார்டு. அங்கிருந்து ஒரு வேர் இறங்கி, மீடியல் கார்டிலிருந்து வரும் வேரோடு சேர்ந்து ஆர்ட்டரிக்கு முன்னால் மீடியன் நரம்பாகிறது. மீடியல் கார்டின் மறுகாலில் அல்நார். மூன்றும் சேர்ந்து ஆங்கில 'எம்' எழுத்தாகத் தெரியும். அதைக் கண்டுவிட்டால் மிச்ச கிளைகளுக்கு வழி தானாகத் திறக்கும். அக்குள் கொழுப்பை அள்ளி எடுக்கும் அவசரத்தில் வழக்கமாகப் பலியாகும் நரம்புகள் இரண்டு: அக்குளைக் குறுக்கே கடந்து கைக்குப் போகும் இன்டர்காஸ்டோபிரேக்கியல், செராட்டஸ் ஆன்டீரியரின் மேல் நேர்கீழாக இறங்கும் லாங் தொராசிக். முன்கூட்டியே பெயரைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

புத்தகப் படம்போல உங்கள் மேசையில் இல்லாவிட்டால் தவறாக அறுத்துவிட்டோம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு. உங்கள் கையிலேயே பாருங்கள்: பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் நிமிர்ந்து நிற்பது பால்மாரிஸ் லாங்கஸ் டெண்டன். சிலருக்கு அது பிறவியிலேயே கிடையாது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். வேறுபாடு கண்டால் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வேலை முடிந்ததும் வெட்டிய பகுதியை, துறையில் கொடுக்கும் கரைசலில் நனைத்த துணியால் மூட வேண்டும். ஒரு நாள் விட்டால் திசு காய்ந்து தோல் செருப்புபோல் ஆகிவிடும். காய்ந்த நரம்பைப் பிறகு எந்த வைவாவிலும் (வாய்மொழித் தேர்விலும்) காட்ட முடியாது.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. லத்தீனும் கிரேக்கமும் ஆங்கில மீடியத்தில் படித்தவருக்கும் அந்நிய மொழிகள்தான். இதில் யாரும் முன்னால் இல்லை. நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், அதன் வேர்ப்பொருள், தமிழில் உங்களுக்குப் புரிந்த விதம். கோரகாய்டு என்றால் காக்கை அலகு போன்றது, பிரேக்கியம் என்றால் மேற்கை. ஆகவே கோரகோபிரேக்கியாலிஸ் காக்கை அலகிலிருந்து மேற்கைக்குப் போகும் தசை. லாட்டிஸிமஸ் டார்சை, முதுகில் மிக அகலமானது. தொடங்குமிடமும் முடியுமிடமும் பெயருக்குள்ளேயே பாதி கிடைத்துவிடும். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதில் குறைவு ஏதுமில்லை. சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கியிருக்கிறார், பாடநூல்களையும் தமிழாக்கியிருக்கிறார்.

எலும்புக்கும் ஹிஸ்டாலஜிக்கும் சுருக்கமாகச் சொன்னால் போதும். எலும்பு வைவாவில் வாயைத் திறப்பதற்கு முன் எலும்பை உடம்பில் இருப்பதுபோலப் பிடியுங்கள். பக்கம் சொல்வது அதன் பிறகு. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சரியான பதில் சொன்னாலும் மதிப்பெண் குறையும். ஸ்லைடை முதலில் வெறும் கண்ணால் வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு 10 எக்ஸ், கடைசியில்தான் 40 எக்ஸ். எடுத்தவுடன் 40-க்குப் போனால் எந்த உறுப்பும் செல் கூட்டமாகத்தான் தெரியும். அடிக்கடி மாறிப்போகும் ஜோடி பரோட்டிடும் பான்கிரியாஸும். இரண்டிலும் சீரஸ் ஏசினை (சுரப்புச் செல்களின் கொத்துகள்) இருக்கும். நடுநடுவே வெளிறிய தீவுகள் தெரிந்தால் பான்கிரியாஸ். கொழுப்புச் செல்களும் கோடுபோட்ட டக்ட்டும் தெரிந்தால் பரோட்டிட். லிம்ஃப் நோடுக்கு கேப்ஸ்யூலுக்கு அடியில் சைனஸ், ஸ்ப்ளீனுக்கு வெள்ளை பல்ப்பில் ஓரமாக ஒதுங்கிய ஆர்ட்டீரியோல், தைமஸுக்கு ஹேஸல்ஸ் கார்பஸ்கிள், டான்சிலுக்கு மேலே ஸ்ட்ராட்டிஃபைடு ஸ்குவாமஸ். நாலையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்தால் மறக்காது.

ஹெமட்டாலஜி

பிசியாலஜியில் மதிப்பெண் கொட்டிக்கிடப்பதும் சிந்திப்போவதும் இங்கேதான். எல்லாம் ஒரு துளி ரத்தத்தில் தொடங்குகிறது.

இடக்கை மோதிர விரல், நுனிச்சதையின் பக்கவாட்டில், 2 முதல் 3 மி.மீ. ஆழம். ஸ்பிரிட் தடவி, அது முழுதாகக் காயும்வரை காத்திருங்கள். ஈரத்தில் குத்தினால் துளி உருண்டையாக நிற்காமல் பரவிவிடும், ஸ்பிரிட் பட்ட சிவப்பணுக்களும் உடையும். முதல் துளியைத் துடைத்துவிடுங்கள், அதில் திசு நீர் கலந்திருக்கும். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிவது முதலாண்டின் பொதுவியாதி. பிழிந்தால் வருவது நீர்த்த ரத்தம். எல்லா எண்ணும் குறைவாக வரும். பதிலாகக் கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பாகத் தேய்த்து, கொஞ்சம் ஆழமாக ஒரே குத்து. ஆளுக்கு ஒரு லான்செட், ஒரு முறைதான். குத்திய லான்செட் துளையாத வெள்ளை டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு, உடைந்த ஸ்லைடு நீலத்துக்கு. 2016-இன் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது இது, ஸ்பாட்டரிலும் (பொருளை வைத்து அடையாளம் கேட்கும் தேர்விலும்) வரும்.

ஆர்பிசி (சிவப்பணு) பிப்பெட்டில் சிவப்பு மணி, 0.5, 1, 101 என்று மூன்று குறிகள். ரத்தத்தை 0.5 வரை இழுத்து, நுனியைத் துடைத்து, ரத்தத்தை நீர்க்கும் ஹேயம்ஸ் திரவத்தை 101 வரை இழுக்க வேண்டும். 0.5 பங்கு 101-இல் கலந்தால் 1-க்கு 202 அல்லவா, ஏன் 200 என்கிறோம்? தண்டில் நிற்கும் கடைசி 1 பங்கு திரவத்தில் ரத்தம் கலப்பதில்லை. கலப்பது பல்பிலுள்ள 100 பங்கில்தான். அதனால்தான் 200. அதனால்தான் சேம்பரை (செல் எண்ணும் கட்டம்போட்ட கண்ணாடியை) நிரப்பும் முன் முதல் இரண்டு மூன்று துளிகளை வெளியே விடச் சொல்கிறார்கள். தண்டில் இருப்பது வெறும் திரவம். அதை விடாமல் நிரப்பினால் சேம்பர் காலியாகக் கிடக்கும், "எனக்கு அனீமியா" என்று பயப்படுவீர்கள்.

ரத்தம் 0.5-ஐத் தாண்டிப் போய்விட்டால் பஞ்சால் உறிஞ்சி இறக்காதீர்கள். பஞ்சு பிளாஸ்மாவை இழுத்துக்கொண்டு செல்களை விட்டுவிடும், எண் ஏறிவிடும். கையுறை விரலின் மேல் நுனியை மெல்லத் தட்டி இறக்குங்கள். வெகுவாகத் தாண்டிவிட்டால் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. சுவரில் ஒட்டிய ரத்தமும் கணக்கில் சேரும். நடுவில் காற்றுக்குமிழி வந்தாலும் அப்படியே. ஹேயம்ஸ் திரவத்தில் மெர்க்குரிக் குளோரைடு இருக்கிறது, விஷம். வாயால் இழுக்கும் ரப்பர் குழாய் வைத்திருக்கும் லேபில் கண் குறியை விட்டு நகரக்கூடாது. நிரப்பியதும் பிப்பெட்டைக் கிடையாகப் பிடித்து, உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உருட்டுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் திரவம் ஒழுகும்.

நியூபார் சேம்பரில் முதலில் கோடுகளைப் பிடியுங்கள், ரத்தம் பிறகு. கோடு தெரியவில்லை என்றால் வெளிச்சம் கூடிவிட்டது. கண்டென்சரை இறக்கி, ஐரிஸ் டயஃப்ரமைக் குறுக்கினால் கோடு எழும். பிறகு கவர் ஸ்லிப் வைத்து, பிப்பெட்டை 45 டிகிரி சாய்த்து அதன் விளிம்பில் ஒரு துளி. திரவம் தானாக உள்ளே ஓட வேண்டும். பள்ளத்தில் வழிந்தால் கவர் ஸ்லிப் மிதந்து ஆழம் 0.1 மி.மீ.-க்கு மேல் போய்விடும். கணக்கு முழுதும் அந்த 0.1-ஐ நம்பித்தான் இருக்கிறது, ஆகவே துடைத்துவிட்டு மறுபடி நிரப்புங்கள். செல்கள் படிய இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அசையும் செல்லை எண்ணினால் ஒன்றே இரண்டு கட்டத்தில் கணக்காகும்.

கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நடுவிலுள்ள 1 சதுர மி.மீ.-இல் 25 கட்டம், ஒவ்வொன்றிலும் 16 சிறு கட்டம், ஆக 400. சிவப்பணுவுக்கு நான்கு மூலையும் நடுவுமாக ஐந்து கட்டம், அதாவது 80 சிறு கட்டம் எண்ணுகிறோம். 80-ஐ 400-ஆல் வகுத்து, ஆழம் 0.1-ஆல் பெருக்கினால் கன அளவு 50-இல் ஒரு பங்கு. ஆக, எண்ணியதை 50-ஆலும் 200-ஆலும் பெருக்க வேண்டும்: 10,000. 480 எண்ணினால் 48 லட்சம். வெள்ளையணுவுக்கு வெளியே உள்ள நான்கு பெரிய மூலைக் கட்டங்கள், கன அளவு 0.4, நீர்த்தல் 20 மடங்கு. ஆகவே 50-ஆல் பெருக்கல். 140 எண்ணினால் 7,000. வைவாவில் "ஃபேக்டர் ஏன் 10,000" என்று கேட்காத எக்ஸாமினர் அபூர்வம்.

கோட்டின் மேல் உட்கார்ந்த செல்லுக்கு ஒரே விதி: இடப்பக்கக் கோடும் கீழ்க்கோடும் தொடுபவை சேரும், வலமும் மேலும் தொடுபவை சேராது. திசையை மாற்றினாலும் தவறில்லை, நடுவில் மாற்றக்கூடாது. ஐந்து கட்டங்களுக்குள் 20-க்கு மேல் வித்தியாசம் வந்தால் கலக்கியது போதவில்லை என்று பொருள். எண்ணை அழகாகத் திருத்தி எழுதாமல் மறுபடி கலக்கி நிரப்புங்கள். டபிள்யூபிசிக்கு டர்க்ஸ் திரவம்: அதிலுள்ள அசெட்டிக் அமிலம் சிவப்பணுக்களை உடைக்கும், ஜென்ஷன் வயலெட் வெள்ளையணுவின் நியூக்ளியஸுக்கு நிறம் ஏற்றும். தூசியையும் செல் என்று எண்ணிவிடுவது இங்கேதான். ஃபோகஸை லேசாகத் திருகிப் பாருங்கள். செல்லாக இருந்தால் உள்ளே ஊதா நியூக்ளியஸ் தெரியும், தூசிக்கு ஒழுங்கான விளிம்பே இருக்காது.

சாலீஸ் முறையில் ஹீமோகுளோபின் பார்ப்பது எளிது என்று தோன்றும், பிழையும் அதிகம். என் பை டென் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை டியூபின் 20 சதவீதக் குறி வரை எடுத்து, 20 கன மி.மீ. ரத்தத்தை அமிலத்தின் அடியில் விட்டு, அதே அமிலத்தால் பிப்பெட்டை இரண்டு மூன்று முறை அலசி ஊதுங்கள். பிறகு 10 நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள். ஹீமோகுளோபின் ஆசிட் ஹெமட்டினாக மாற அந்த நேரம் தேவை. 4 நிமிடத்தில் பார்த்தால் நிறம் இன்னும் முழுதாக ஏறியிருக்காது, அளவு குறைவாக வரும். அதன்பின் டிஸ்டில்டு வாட்டர் துளித் துளியாக, கலக்கி, ஒப்பிட்டு. ஒப்பிடும்போது கலக்கியைத் திரவத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். உள்ளே இருந்தால் மட்டம் ஏறிக் காட்டும். முழுதாக வெளியே எடுத்தால் அதில் ஒட்டிய திரவம் போய்விடும். தண்ணீர் கூடிவிட்டால் திரும்ப வழியில்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதனால் நிறம் நெருங்கியதும் ஒவ்வொரு துளிக்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே வந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி அனீமியா. தன் ரத்தத்திலேயே குறைவு தெரியும் மாணவிகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருப்பார்கள். ரெக்கார்டில் எண்ணை மாற்றி எழுதாமல், மெடிசின் ஓபியில் காட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்மியருக்கு: துளி ஸ்லைடின் ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே, ஸ்ப்ரெடர் 30 முதல் 45 டிகிரி, துளி விளிம்பு முழுக்கப் பரவியதும் நிற்காமல் ஒரே ஓட்டம். நாக்கு வடிவம் வர வேண்டும், நுனி இறகுபோல மெலிய வேண்டும். கோணம் கூடினால் ஸ்மியர் குட்டையாகவும் தடிப்பாகவும் வரும். கை நடுங்கி நிறுத்தினால் குறுக்கே பட்டைகள் விழும். ஸ்லைடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஓட்டைகள்.

காய்ந்ததும் லீஷ்மன் ஸ்டெயின் 8 முதல் 10 துளி, 2 நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தில் நிறம் ஏறுவதில்லை; ஸ்டெயினிலுள்ள மெத்தில் ஆல்கஹால் செல்களை ஸ்லைடில் பிடிக்கவைக்கிறது. ஸ்டெயின் காய்ந்துவிட்டால் கறுப்புப் பொட்டுகளாகப் படியும். நம் ஊர் வெயிலில், ஃபேனுக்கு அடியில், இது சாதாரணமாக நடக்கும்; காய்வதுபோல் தெரிந்தால் இன்னும் சில துளி விடுங்கள். பிறகு இரண்டு மடங்கு பஃபர் வாட்டர், பிஹெச் 6.8, மெல்ல ஊதிக் கலக்கி, 7 முதல் 10 நிமிடம். நிறம் ஏறுவது இப்போதுதான். கழுவும்போது ஸ்டெயினைச் சாய்த்துக் கொட்டாதீர்கள். மேலே மிதக்கும் பாசிபோன்ற படலம் ஸ்மியரில் உட்கார்ந்துவிடும். தண்ணீரை விட்டு, அது மிதந்து வழியட்டும். எல்லாம் நீலமாக இருந்தால் நேரம் கூடிவிட்டது, அல்லது தண்ணீர் காரமானது. எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் அமிலமானது. குழாய்த் தண்ணீரைப் பஃபருக்குப் பதில் ஊற்றுபவர்களுக்கு நீலம்தான் கிடைக்கும்.

டிஃபரென்ஷியல் கவுன்ட்டை (வெள்ளையணு வகைகளின் சதவீதக் கணக்கை) ஸ்மியரின் உடலும் வாலும் சேருமிடத்தில், சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத இடத்தில், மேலும் கீழுமாக ஏறி இறங்கி எண்ணுங்கள். வாலிலும் ஓரங்களிலும் நியூட்ரோஃபில், மோனோசைட் போன்ற பெரிய செல்கள் கூடிக்கிடக்கும். அங்கேயே 100 எண்ணினால் லிம்ஃபோசைட் குறைந்து காட்டும். பெரிய லிம்ஃபோசைட்டா மோனோசைட்டா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். சிறுநீரக வடிவத்தில் மடிந்த நியூக்ளியஸ், சாம்பல்நீலச் சைட்டோபிளாசம் இருந்தால் மோனோசைட். அளவுக்குப் பக்கத்துச் சிவப்பணுவையே அளவுகோலாக வையுங்கள், அது ஏறக்குறைய 7 மைக்ரான்.

ரத்த வகை பார்க்கையில் ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு சீரத்துக்கும் தனிக் குச்சி. ஆன்ட்டி ஏ நீலம், ஆன்ட்டி பி மஞ்சள்; இரண்டும் கலந்து பச்சையானால் குச்சி மாறிவிட்டது. 8 முதல் 10 நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள். வெகுநேரம் விட்டால் ஓரம் காய்ந்து, ஒட்டியதுபோலத் தோன்றும்.

பிபி பார்த்தல்

மதிப்பெண் கொடுப்பது எண்ணுக்கு அல்ல, வரிசைக்கு. ஆளை 5 நிமிடம் உட்காரவைத்து, கால்கள் தரையில், கை இதய மட்டத்தில், சட்டைக் கையைச் சுருட்டி நெருக்காமல் கழற்றச் சொல்லி, கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2.5 செ.மீ. மேலே. முதலில் நாடி பார்க்கும் முறை: ரேடியல் நாடி மறையும்வரை ஏற்றி, இறக்கும்போது அது திரும்பும் இடத்தைக் குறியுங்கள். பிறகுதான் ஸ்டெத். நாடி மறைந்த இடத்துக்கு மேல் 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. வீதம் இறக்குங்கள். முதல் முறையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? சிலருக்குச் சத்தம் கேட்டு, நடுவில் மறைந்து, மறுபடி கேட்கும். அந்த இடைவெளிக்குள்ளேயே ஏற்றலை நிறுத்தியவர், 180 உள்ளவருக்கு 150 என்று எழுதிவிடுவார். பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் எதிர்ப்பிழை, அழுத்தம் கூடிக் காட்டும்.

பயோகெமிஸ்ட்ரி

பெனடிக்ட்ஸ் சோதனைக்கு ரீஏஜென்ட் 5 மி.லி., யூரின் 8 துளி, 2 நிமிடக் கொதி. முதலில் ரீஏஜென்ட்டை மட்டும் கொதிக்கவைத்து நிறம் மாறவில்லை என்று பார்த்துவிடுங்கள். துளிகள் கூடினால் பச்சைக்குப் பதில் மஞ்சள் வரும், சர்க்கரை அதிகமென்று எழுதிவிடுவீர்கள். வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவரின் யூரினும் நிறம் மாற்றலாம். அது சர்க்கரையை மட்டும் காட்டும் சோதனை அல்ல, ரெட்யூஸ் செய்யும் எதையும் காட்டும். புரோட்டீனுக்கு டியூபை முக்கால்வாசி நிரப்பி, அடியைப் பிடித்து மேல்பகுதியை மட்டும் சூடாக்குங்கள். கீழே தெளிந்திருக்கும் பகுதியே ஒப்பிட உதவும். கலங்கினால் உடனே "பாசிட்டிவ்" என்று எழுதக்கூடாது. நீர்த்த அசெட்டிக் அமிலம் இரண்டு மூன்று துளி விட்டும் கலங்கல் நின்றால் புரோட்டீன், மறைந்தால் பாஸ்பேட். டியூபின் வாயை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள், கொதிக்கும் யூரின் துள்ளும். கீட்டோன் பார்க்கும் ரோதராஸ் சோதனை பீட்டா ஹைட்ராக்ஸி ப்யூட்டரேட்டைக் காட்டாது என்பது சின்ன விஷயம்போலத் தெரியும்; வைவாவில் அடிக்கடி வரும்.

பிராக்டிகல் நாள்

ஸ்பாட்டரில் மைக்ராஸ்கோப்பைத் தொட்டுத் திருகாதீர்கள். பாயின்டர் நகர்ந்தால் உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கெல்லாம் பதில் மாறிவிடும். முதலில் கேள்வித்தாளைப் படியுங்கள், பிறகு பாருங்கள். பெயரும், அடையாளம் கண்ட இரண்டு காரணங்களும் எழுதினால் போதும்.

ஹெமட்டாலஜி ட்ரே கைக்கு வந்ததும் விரலில் குத்த அவசரப்படாதீர்கள். பிப்பெட் நுனி உடையாமல் இருக்கிறதா, சேம்பரில் கைரேகை இருக்கிறதா, கவர் ஸ்லிப் சேம்பருக்கு உரியதுதானா என்று பாருங்கள். சாதாரண ஸ்லைடுக்கான மெல்லிய கவர் ஸ்லிப் வளைந்து ஆழத்தை மாற்றும். கடைசியாகப் பிப்பெட்டை லேசாக ஆட்டிப் பல்பிலுள்ள மணியைக் கவனியுங்கள். அது தடையில்லாமல் உருண்டால் பிப்பெட் சுத்தமாக, காய்ந்து இருக்கிறது. ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே ஈரமோ பழைய ரத்தமோ இருக்கிறது. தண்ணீர், ஸ்பிரிட், அசிட்டோன் என்ற வரிசையில் இழுத்து ஊதிக் காயவையுங்கள், அல்லது அட்டெண்டரிடம் வேறு கேட்டு வாங்குங்கள். கேட்பதை நேரம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.